வகிடு

ஏழரைக்கு முதல் லிஃப்ட்.
இரவெல்லாம் இயந்திரம் வாரிவிட்ட சரிவில்
இன்னும் ஒரு சிக்கும் விழவில்லை.
போஹோர்யே மலையில் வெயில் ஏறுமுன்
ஐந்து பேர் நிற்கிறோம்,
வாடகை பூட்ஸின் கொக்கிகளைத் திட்டியபடி.

பல் மருத்துவர் கோராஸ்த்.
மாரிபோரில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஸ்வெஸ்தானா.
வாயே திறக்காத அண்ணன் தம்பி இருவர்.
நான், ட்ராவோகிராட் பேருந்தின் ஓட்டுநர்,
இருபத்திரண்டு வருட உரிமம், ஒரு கீறலும் இல்லை.
சொல்லித்தருகிறவள் ப்ரீனா.
என் வண்டியில் பள்ளிக்குப் போனவள்;
நிறுத்தம் தாண்டியபின்தான் மணியடிப்பாள்.

"சறுக்காதீர்கள்."
இதுதான் முதல் பாடம்.
சறுக்குப்பலகை எடுத்து, சறுக்குமலைக்குச் சீட்டெடுத்து
சறுக்காமலிருக்கக் கட்டணமும் கட்டியிருக்கிறோம்.
கோராஸ்த் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.
"பலகையின் வயிறு பனியில் தேய்ந்தால் சறுக்கல்.
விளிம்பு மட்டும் இறங்கி
வால் போன வழியே மூக்கு, இல்லை,
மூக்கு போன வழியே வாலும் போனால் அது கார்விங்."
அவள் வாய் தடுமாறியதில்
எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு செய்து காட்டினாள்.
சரிவின் உச்சந்தலையிலிருந்து
சீப்பு முனையால் கிழித்தாற்போல
ஒரு வகிடு, வளைந்து வளைந்து,
நூலளவு அகலம்.
அண்ணன் தம்பியில் ஒருவன் "அட" என்றான்.
அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

என் முறை.
வளைவு வருகிறது என்று கண் சொன்னதும்
வலதுகால் பனிக்குள் பிரேக்கைத் தேடியது.
பின்கால் தள்ள, வால் விலக,
வாரிய தலையில் யாரோ கையை விட்டுக் கலைத்தது போல
எனக்குப் பின்னால் ஒரு பெரிய அலங்கோலம்.
"வேகத்தை அடக்காதீர்கள், வளைவை முடியுங்கள்!
பலகை மேட்டைப் பார்த்துத் திரும்பினால்
மலையே உங்களை நிறுத்தும்!"
மலையை நம்பு என்று
எந்தப் போக்குவரத்துத் துறையும் எனக்குச் சொன்னதில்லை.

பத்து மணிக்குக் குடிலில் காபி.
ஒரே கைபேசியின் மேல் ஆறு தலைகள்.
திரையில் என் சட்டைக்குள் யாரோ ஒருவன்
காற்றில் ஓட்டுநர் இருக்கை போட்டு
சாவகாசமாக உட்கார்ந்து இறங்குகிறான்.
கோராஸ்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
அடுத்த காட்சியில் அவரே வேலிவலையில் தொங்கினார்.

ஸ்வெஸ்தானா திரையைப் பார்க்கவே இல்லை.
"உங்கள் விரல் பக்கத்தில் சத்தமில்லை.
குதிகால் பக்கம் கரகரக்கிறது,
கம்பி தளர்ந்த மாதிரி" என்றாள்.
அடுத்த இறக்கத்தில் என் பின்னாலேயே வந்து
காதால் என்னை முறுக்கினாள்:
"கரகரப்பு… கரகரப்பு… இன்னும்… இப்போது!"

இப்போது.
புதுத்துணி ஒரே இழுப்பில் கிழியும் ஓசை.
பூமி என் இடுப்புவரை எழுந்து வந்து
கையுறையை ஒருமுறை தொட்டுப் போனது.
கால் எதையும் தேடவில்லை.
அந்த ஒரு வளைவு.
அடுத்ததில் குப்புற விழுந்தேன்,
பல்லிடுக்கில் பனி,
மருத்துவர் அக்கறையாக விசாரித்தார்.

லிஃப்டில் ஏறும்போது குனிந்து தேடினேன்.
பதினொரு மணிப் பனி இளகி
கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.
இதோ என்னுடையது என்று ஒன்றைக் காட்டினேன்.
"அது என்னுடையது" என்றாள் ஸ்வெஸ்தானா.
விட்டுக்கொடுத்தேன். இன்னமும் முழுதாக இல்லை.

திங்கள் காலை, ட்ராவா ஆற்றோரம்,
அதே கொண்டை ஊசி வளைவு.
முன்கூட்டியே பிரேக்கை மிதித்தேன்.
மிதிக்கத்தான் வேண்டும்,
நாற்பது உயிர்கள், ஈரத் தார்.
பின்காட்டும் கண்ணாடியில், கடைசி வரிசையில்
பள்ளிப் பெண் ஒருத்தி
சீப்பைப் பல்லில் கடித்து, ஒரு விரலால்
வகிடெடுத்துக்கொண்டிருந்தாள்.
கோணிவிடப்போகிறதே என்று
காலை இன்னும் கொஞ்சம்
மெல்ல இறக்கினேன்.